அன்புள்ள பெரம்பலூர் வெங்காயம்

சாமிதுரைக்குச் சினிமா என்றால் உயிர். நடுவில் வரும் விளம்பரம் என்றால் எமன். கதாநாயகியின் கண்ணில் முதல் சொட்டு திரண்டு, கன்னத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் விளம்பரக்காரன் உள்ளே புகுவான். ஒரு தலைவலித் தைலம், ஒரு பனியன், ஒரு குளியல் சோப்பு எல்லாம் வந்துபோவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து பேரன் பேத்தியே பிறந்திருக்கும். கடைசியாக ஒரு சிமெண்ட் மூட்டை வந்து நிற்கும். அதுதான் அவரைக் கொன்றது. ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் ஆயுள் முழுக்கச் சிமெண்டைச் சுவாசித்து, சிமெண்டைத் தும்மி, மழையில் நனைந்தால் இறுகிப்போவோமோ என்று பயந்து குடை பிடித்தே ஓய்வு பெற்ற மனிதருக்கு, ஓய்விலும் சிமெண்டா?

இந்த வேதனையை அவர் ஓய்வு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கொட்டியபோதுதான், கூட வேலை பார்த்த குருநாதன் ஒரு ஆப்பை அனுப்பிவைத்தார். பணம் கட்டிப் பார்க்கும் படமெல்லாம் அதில் ஓசி. விளம்பரம் மருந்துக்கும் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் அசல் ஆப்பைப் பிரித்து, விளம்பரத்தையும் சந்தாவையும் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி மூடிக் கொடுத்திருக்கிறானாம். கழற்றிய இடத்தில் வேறு எதையாவது செருகினானா என்று குருநாதனும் கேட்கவில்லை, சாமிதுரையும் கேட்கவில்லை.

போன் பாவம், கேட்டது. சிவப்பில் ஒரு முக்கோணத்தைக் காட்டி, இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஆபத்தாக இருக்கலாம் என்று கத்தியது. ஆனால் சாமிதுரை பார்க்காத அபாயப் பலகையா? ஆலையில் மண்டை ஓடு போட்ட பலகை இல்லாத கதவே கிடையாது. கேண்டீனுக்குப் போகும் வழியில் மட்டும் மூன்று உண்டு. அந்த மூன்று மண்டை ஓடுகளுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தினமும் டீ குடிக்கப் போவார். இதற்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனதும் ஆப் அனுமதி கேட்க ஆரம்பித்தது. அங்கேதான் அவர் விழுந்தார்.

சாமிதுரையின் உத்தியோகமே அனுமதிதான். சூளைமேல் ஏற வேண்டும், வெல்டிங் வைக்க வேண்டும், குழிக்குள் இறங்க வேண்டும் என்று எவன் வந்தாலும் சீட்டு வேண்டும். இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சீட்டுக்கு, கடைசியாக முத்திரை குத்துவது சாமிதுரை. அவர் மேசைக்கு வந்த சீட்டு எதுவும் முத்திரை இல்லாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பாப்பாத்தி அம்மாளோ, கேட்பதை விடுங்கள், கொடுக்கக்கூட மாட்டாள். இப்போது பாருங்கள், ஒரு ஆப் கைகட்டி நின்று கேட்கிறது. போனில் உள்ள பெயர்களைப் பார்க்கலாமா? அனுமதி. மெசேஜைப் படிக்கலாமா? அனுமதி. அனுப்பலாமா? அனுமதி. திரையில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் உங்களுக்குப் பதிலாக நானே தட்டிக்கொள்ளலாமா? இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறானே என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அனுமதி! கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் இந்தத் தடவை இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் சொர்க்கம். கண்ணீர் திரண்டால் திரண்ட வேகத்தில் இறங்கியது. சண்டையில் ஓங்கிய கை ஓங்கியபடி நிற்காமல் உடனே போய் விழுந்தது. மகள் பூங்குழலியின் சம்பந்தமும் அதே வாரத்தில்தான் முடிவாகியிருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காய விவசாயி வீரமுத்துவின் மகன் அரவிந்தன்தான் மாப்பிள்ளை. வரும் வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்ற வேண்டும். இந்த உலகத்தில் தன்னைவிடக் கொடுத்துவைத்தவன் உண்டா என்று சாமிதுரை கால்மேல் கால் போட்டுக்கொண்டு யோசித்தார்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் மச்சினன் திருமுருகன் மீன்சுருட்டியிலிருந்து கூப்பிட்டான்.

"மச்சான், நான் முந்திரிக்கொட்டையா?"

"யாருப்பா சொன்னா?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. எழுத்துல. அன்புள்ளனு வேற போட்டு."

"நான் எங்கப்பா எழுதுனேன்? தூங்கி இப்பதான் எந்திரிக்கிறேன்."

"படிக்கிறேன், கேட்டுக்குங்க. 'அன்புள்ள மீன்சுருட்டி முந்திரிக்கொட்டை, நான் இந்த ஆப் மகிழ்ச்சி உபயோகம் செய்கிறேன். நீயும் உடனே இறக்கம் செய். அனைத்து படமும் இலவசம்.' கீழ ஏதோ நீலக் கலர்ல தட்டச் சொல்லுது. நான் தட்டுவனா? ரெண்டு ஏக்கர் முந்திரி வச்சிருக்கிறவன்தான், அதுக்காக முந்திரிக்கொட்டையா? அக்காகிட்ட போன குடுங்க!"

சாமிதுரைக்குத் தூக்கம் பறந்தது. எழுதியது அவர் இல்லை. ஆனால் அந்தப் பெயர், ஐயோ, அந்தப் பெயர் அவர் வைத்ததுதான்.

அதற்கும் ஆலைதான் காரணம். அங்கே செல்வராசு மட்டும் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். கோவிந்தராசு இரண்டு பஸ். சீட்டில் வெறும் பெயரைப் போட்டால் சூளைமேல் ஏற வேண்டியவன் கேண்டீனில் நிற்பான், கேண்டீன்காரன் சூளைமேல் நிற்பான். அதனால் சாமிதுரை ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் வைத்துக் கூப்பிடப் பழகினார். பழக்கம் போனுக்கும் வந்தது. அவர் போனில் அப்பா அம்மா வைத்த பெயரோடு ஒருவர்கூடக் கிடையாது. யாரையும் புண்படுத்த அல்ல, சும்மா ஒரு குஷிக்கு. யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்தார். அந்த ஆப் பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைப் போட்டு, முன்னால் 'அன்புள்ள' சேர்த்து அனுப்பியும் விட்டது.

திருமுருகன் வைத்ததும் அடுத்த போன்.

"டேய் சாமிதுரை, நான் ஓட்டை சைலன்சராடா?"

அதை வைத்ததும் அடுத்தது. "பர்மிட்டு அண்ணே, பாதி வடைன்னா என்னண்ணே அர்த்தம்? ஒருநாள் உங்க வடையில பாதிய பிச்சேன். அத இத்தன வருசமா மனசுலயே வச்சிருந்தீங்களா?"

கிழிஞ்ச ரேடியோ கூப்பிட்டார். நாலாம் நம்பர் கொட்டாவி கூப்பிட்டார். தாசில்தார் ஆபீஸில் இருந்து 'வாங்க நாளைக்கு' கூப்பிட்டார். தமிழ்நாட்டில் அன்றைக்கு யாருமே வேறு வேலை பார்க்கவில்லை என்றுதான் தோன்றியது. திட்டுகிற சத்தத்தில் போன் தோசைக்கல்லாகச் சூடேறியது.

அந்தச் சமயம் பாப்பாத்தி அம்மாள் தன்னுடைய பட்டன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, எட்டு மணிச் சங்குன்னா யாருங்க?"

"ஆலைச் சங்கும்மா. காலையில ஊதுமே, ஊரே எந்திரிக்கும்..."

"அதுக்கு ஏன் அன்புள்ளனு என் போன்ல வருது?"

சாமிதுரை தன் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"சரி. இன்னிக்கு யாருக்குச் சங்குன்னு பாக்கலாம்."

நல்லவேளையாக அவள் கையிலிருந்த போன் அடித்தது. பூங்குழலி. அரியலூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை, அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பாப்பாத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பாவ அவரு போன தொடச் சொல்லாத. நெட்ட அணைச்சு, போனையும் அணைச்சு, சிம்ம வெளிய எடுத்து வைங்க. மொதல்ல அத செய்ங்க, அப்புறம் திட்டு."

"உனக்கு எப்புடி அதுக்குள்ள தெரியும்?" என்றார் சாமிதுரை, சிம் கார்டை நகத்தால் நோண்டிக்கொண்டே.

"மீன்சுருட்டி மாமா. உங்களுக்கு முன்னாடியே எனக்குப் போன் பண்ணி ஒரு பாட்டம் அழுதுட்டாரு. மெசேஜ படிச்சுக் காட்டுனதுமே புரிஞ்சுடுச்சு. உங்க பென்ஷன் கணக்க நிறுத்தி வச்சாச்சு. 1930க்கும், அதான் சைபர் கிரைமுக்கு, சொல்லியாச்சு. அப்பா, உண்மையச் சொல்லுங்க, ஓசிப் படம் காட்டுற ஆப் எதையாவது ஏத்துனீங்களா?"

"குருநாதன் தாம்மா..."

"அது உங்க மெசேஜ படிக்குமான்னு கேட்டுச்சா?"

"மரியாதையா கேட்டுச்சும்மா."

"நீங்க?"

"அனுமதி குடுத்தேன்."

மறுமுனையில் பெருமூச்சு விட்டது பூங்குழலியா, அவளுடைய வங்கியே சேர்ந்தா என்று தெரியவில்லை. "படம் காட்டுறவனுக்கு உங்க மெசேஜ் எதுக்குப்பா? உங்களுக்குப் பதிலா தட்டுற உரிமை எதுக்கு? வங்கியிலேருந்து வர்ற ரகசிய நம்பரப் படிச்சுட்டு, அவனே தட்டி, அவனே அழிச்சுடுவான். நீங்க பாட்டுக்கு டூயட் பாத்துக்கிட்டு இருப்பீங்க. நேத்து ராத்திரியே ரெண்டு தடவ உங்க கணக்குல நுழையப் பாத்திருக்கான். மாமா விடியக்காலம் எழுப்பலன்னா இந்நேரம் போயிருக்கும்."

சாமிதுரை மீன்சுருட்டி இருக்கும் திசை நோக்கி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். எதிலும் முந்திக்கொண்டு ஓடுகிறவன் என்று எத்தனை கல்யாணத்தில் அவனைக் கிண்டல் செய்திருப்பார்! இன்றைக்கும் முந்திக்கொண்டுதான் ஓடியிருக்கிறான். அவன் மட்டும் நிதானமான மனிதனாக, பல் விளக்கி, காபி குடித்து, பேப்பர் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறவனாக இருந்திருந்தால்?

"கணக்கு தப்பிச்சுது. ஆனா அந்த மெசேஜ் போனவங்க யாராவது தட்டியிருந்தா அவங்களுக்கும் இதே கதிதான்," என்றாள் பூங்குழலி. "நானும் மாமாவும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லிட்டு வர்றோம். ஒண்ணு தெரியுமா? இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தட்டல. எல்லாரும் மொத வரியிலேயே கோவப்பட்டு, ரெண்டாவது வரிக்கே போகல."

இதைக் கேட்டதும் சாமிதுரைக்குத் தலையில் கொம்பு முளைத்தது. "பாத்தியா? நான் மட்டும் எல்லாருக்கும் ஒழுங்கா பேரு வச்சிருந்தா இந்நேரம் மாவட்டமே..."

"வாய மூடுங்க," என்றாள் பாப்பாத்தி. பிறகு, என்னவோ நினைத்துக்கொண்டவள்போலக் குரலை இறக்கி, "சம்பந்திக்கு என்ன பேரு போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

சாமிதுரை கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"பெரம்பலூர் வெங்காயம்."

பாப்பாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். பெண் பார்க்கிற படலத்தைத் திருமழபாடிக் கோயிலில் வைத்துக்கொண்டார்கள். சாமியைச் சுற்றி வரும்போது வீரமுத்து சாமிதுரையின் தோளில் கைபோட்டு வெங்காயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். விதைக் காய் தேர்ந்தெடுப்பதில் தொடங்கினார். முதல் சுற்றில் நட்டார், இரண்டாம் சுற்றில் களையெடுத்தார். சுற்றுக்கு மேல் சுற்று போனது, கோயில் மாடெல்லாம் கொட்டாவி விட்டது, கொள்ளிடமே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனது, வீரமுத்து அப்போதுதான் அறுவடைக்கு வந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சாமிதுரை அந்த எண்ணை எடுத்து அப்படிச் சேமித்துவைத்தார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஒரு மனிதனை வெங்காயம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"நான் பெரம்பலூர் மாமாவுக்கு மொதல்லயே போன் அடிச்சேன்," என்றாள் பூங்குழலி, இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. "கட் பண்ணுறாரு. திரும்பத் திரும்ப அடிக்கிறேன், கட் பண்ணிக்கிட்டே இருக்காரு. அத்தை போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. அவருக்கு ஷிப்ட், மத்தியானம் வரைக்கும் போன் லாக்கர்ல இருக்கும்." அவர் என்றால் அரவிந்தன். "அப்பா, எனக்கு அவர புடிச்சிருக்குப்பா," என்றாள்.

இதற்கு முன்னால் அவள் அப்படிச் சொன்னதில்லை. சரி என்பாள், உங்கள் இஷ்டம் என்பாள். எத்தனையோ இடம் வந்து போனபோது ஒரு தடவைகூட அவள் வாயில் இந்த வார்த்தை வரவில்லை. சாமிதுரை சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. பாப்பாத்தி சரிசெய்து போட்டுவிட்டு, சேலை மாற்றப் போனாள்.

"நீ அடிக்கிறத நிறுத்தாத," என்று மகளிடம் சொன்னார். "நாங்க நேர்ல போறோம்."

குன்னத்தில் பஸ் மாறி உட்கார்ந்தார்கள். சாமிதுரை மன்னிப்பை ஒத்திகை பார்த்தார்.

"சம்பந்தி, வெங்காயம்னா சாதாரணப் பொருளா? அது இல்லாம சாம்பார் உண்டா? அந்த மதிப்புலதான்..."

"உரிக்க உரிக்க ஒண்ணும் இருக்காதுன்னு அவரு திருப்பிக் கேட்டா?"

"சரி, இப்புடிச் சொல்றேன். ஆப்புல தமிழ் தப்பு. வேங்கைனு போட்டிருந்தேன், வெங்காயம்னு வந்துடுச்சு."

"பெரம்பலூர் வேங்கை. நல்லாதான் இருக்கு. அப்ப எனக்கு என்ன போட்டிருந்தீங்க, சங்குக்குப் பதிலா? தங்கமா?"

"ஆமா, அதேதான்!"

"எட்டு மணித் தங்கமா?"

முன்சீட்டில் இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பாப்பாத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மக்காச்சோளமும் பருத்தியுமாகக் காடு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பாமலே, "பொய் எதுவும் சொல்லாதீங்க," என்றாள். "ஓசி ஆப்புக்கு ஆசப்பட்டேன், மாட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க. அவங்க வேணாம்னு சொன்னாலும் சொல்லட்டும். ஆனா அத தட்டாதீங்கன்னு மொதல்ல சொல்லிடுங்க. நம்ம புள்ள போற வூடோ இல்லையோ, நம்மளால ஒரு குடும்பம் நாசமாகக் கூடாது."

சாமிதுரை தலையாட்டினார். அந்த நிமிஷம் அவளுக்குப் போனில் வைத்த பெயரை மாற்ற நினைத்தார். போன் பையில் செத்துக் கிடந்தது.

பெரம்பலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டு வீரமுத்துவின் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வரப்போரம் நீளமாக வெங்காயப் பட்டறை. தட்டி கட்டி, மேலே கூரை வேய்ந்து, உள்ளே காய்ந்த வெங்காயம் மலைபோலக் குவிந்திருந்தது. வீரமுத்துவின் மனைவி தேவயானி நிழலில் உட்கார்ந்து வெங்காயம் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணே, வாங்கண்ணி. என்ன, சொல்லாம கொள்ளாம?"

"சம்பந்தி எங்கம்மா?"

அவள் கையிலிருந்த வெங்காயத் தாளால் மேலே காட்டினாள். மோட்டார் கொட்டகையின் மேல் தளத்தில் வீரமுத்து நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் கொட்டகை மேலிருந்த கம்பத்தைப் பிடித்து, மறுகையில் போனை வானத்துக்கே தூக்கிப் பிடித்திருந்தார். இடி எதையாவது வாங்கிப் பத்திரப்படுத்தப் பார்க்கிறாரோ என்று நினைக்கத் தோன்றும்.

"காலையிலேருந்து அங்கதான் நிக்கிறாரு," என்றாள் தேவயானி. "டவரு அங்கதான் ரெண்டு கோடு காட்டுதாம். நீங்க என்னமோ அனுப்பிச்சீங்களாமே."

சாமிதுரை அண்ணாந்து பார்த்தார். கோபம் இல்லையா? அப்படியானால்?

"சம்பந்தீ!" வீரமுத்து அவரைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பல். "வாங்க, வாங்க! நீங்க சொன்னத இறக்கிக்கிட்டுதான் இருக்கேன். யாரோ ஒரு சனியன் போன் மேல போன் அடிச்சு, அடிக்கிறப்பல்லாம் இறங்குறது நின்னு நின்னு போவுது. கட் பண்ணி கட் பண்ணி மறுபடி மொதல்லேருந்து. பேர்கூடப் பாக்கல. இப்பதான் ஒரு வழியா முழுசா இறங்குச்சு. என்னமோ அனுமதி குடுக்கவான்னு கேக்குது."

"குடுக்காதீங்க!"

"என்ன?"

"தட்டாதீங்க! கைய எடுங்க!"

"தட்டவா?"

சாமிதுரை வாழ்நாளில் ஓடியதே இல்லை. ஆலையில் சங்கு ஊதும்போதுகூட நடந்துதான் போவார். அன்றைக்கு வெங்காயக் குவியலைத் தாண்டினார், வாய்க்காலைத் தாண்டினார், ஒரு ஆட்டையும் தாண்டினார் என்று தேவயானி பிற்பாடு சொன்னாள். ஏணியில் கால் வைத்ததும் ஏறியதும் அவருக்கு நினைவில்லை. மேலே போய் வீரமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வீரமுத்துவின் பெருவிரல் திரைக்கு மேல் ஒரு நெல்மணி உயரத்தில் நின்றது.

"அது நான் அனுப்பல சம்பந்தி," மூச்சிரைக்கக் கத்தினார். "போன் அனுப்புச்சு. ஓசியில படம் பாக்க ஆசப்பட்டு ஒரு திருட்டு ஆப்ப ஏத்துனேன். கேட்டதுக்கெல்லாம் அனுமதி குடுத்தேன். அவன் என் வூட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எல்லாருக்கும் என் பேர்ல எழுதுறான். நீங்க தட்டுனா உங்க வூட்டுக்குள்ளயும் வந்து உக்காந்துடுவான்."

வீரமுத்து போனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை பெயரைப் படித்தார். "மருமகப் பொண்ணா? இவ்வளவு நேரம் அடிச்சது பூங்குழலியா?" எடுத்துக் காதில் வைத்தார். "சொல்லும்மா... இல்லம்மா, தட்டல... உங்கப்பா என் கைய முறிச்சுட்டாரு, எங்கேருந்து தட்டுறது... எத அழிக்கணும்? சொல்லு, சொல்லு..." அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழித்தார். இறக்கி வைத்திருந்த கோப்பு போனது. தெரியாத இடத்திலிருந்து ஏற்றலாம் என்று திறந்துவிட்டிருந்த கதவையும் மூடச் சொன்னாள், மூடினார். அழித்து முடித்ததும் போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தளத்தின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இந்த சீசன் முழுசுக்கும் வியாபாரி பேங்க்லதான் போட்டாரு," என்றார் மெல்ல. "கல்யாணச் செலவு மொத்தமும் இந்தப் போனுக்குள்ள இருக்கு சம்பந்தி."

சாமிதுரை கம்பத்துக்கு நன்றி சொன்னார். ரெண்டு கோட்டுக்கு மேல் காட்டாத டவருக்கு நன்றி சொன்னார். காலையிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த தன் பெண்ணுக்கு, அந்தச் சனியனுக்கு, அவர் மனசு முழுக்க நன்றியாக இருந்தது.

"நீங்க கோவமா இருப்பீங்கன்னு நெனச்சோம்," என்றார். "அந்தப் பேரு..."

"எந்தப் பேரு? ஓ, அதுவா!" வீரமுத்துவின் முகம் மறுபடி மலர்ந்தது. "அந்தப் பேருக்காகத்தான் சம்பந்தி தட்டவே வந்தேன். பெரம்பலூர் வெங்காயம்! முப்பது வருசமா வெங்காயம் போடுறேன், ஒருத்தன் இப்புடி ஒரு பட்டம் குடுத்ததில்ல. இவ்வளவு மதிப்பா எழுதுன மனுசன் ஒண்ண பாருன்னா பாக்காம இருக்கலாமா? தெருவுக்கே படிச்சுக் காட்டிட்டேன். ஒரே ஒரு குறை. பெரம்பலூர்னு பொதுவா போட்டுட்டீங்க. மாவட்டத்துலயே நம்ம காட்டுக் காய்க்குன்னு ஒரு நெறம் உண்டு. அன்னிக்குக் கோயில்ல சொல்ல விட்டுப்போச்சு. இப்ப சொல்றேன், உக்காருங்க."

சாமிதுரை உட்கார்ந்தார். திருமழபாடியில் அறுவடையோடு நின்றுபோனது இங்கே பட்டறையில் தொடர்ந்தது. இந்தத் தடவை அவருக்குக் கொட்டாவி வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் பாயசமாக இறங்கியது. நடுநடுவே, "அப்புறம் சம்பந்தி?" என்று அவராகவே கேட்டார். இதற்காக அவர் தன்னையே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

கீழே பட்டறை நிழலில் பாப்பாத்தி தேவயானியின் பக்கத்தில் உட்கார்ந்து, கை சும்மா இருக்காமல் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தாள் கிள்ளினாள்.

"அண்ணி," என்றாள் தயங்கித் தயங்கி, "உங்க வூட்டுக்காரரு தப்பா எடுத்துக்கல. ஆனா நீங்க..."

தேவயானி மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத்தான் வெளங்கல. எனக்கு மொத வார்த்தையிலேயே வெளங்கிடுச்சு அண்ணி."

பாப்பாத்தியின் கை நின்றது.

"காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு பொண்ண எடுக்கப்போறோம், அங்க நம்ம வூட்டு மனுசனுக்கு மரியாத இல்லன்னா எப்புடின்னு. அவரு தலைகால் புரியாம ஆடுறாரு, எனக்கு வயிறு எரியுது. இன்னிக்குச் சாயந்திரம் வேணாம்னு சொல்லி அனுப்பிடலாம்னுகூட இருந்தேன்."

"அண்ணி..."

"இருங்க, முடிக்கல. இப்ப ஓடுனாரு பாருங்க அண்ணன், அந்த வயசுல, அந்த ஏணியில. தன் மானம் போவுமேன்னு பாக்காம திருட்டு ஆப்பு வச்சிருந்தேன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனாரு. மறைச்சுட்டுப் போயிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்ல. எங்க காசு போயிருக்கும், அவ்வளவுதான். எங்க வூட்டுக்காரரு பணத்துக்கு அண்ணன் பதறுன மாதிரி எங்க வூட்டுக்காரரே பதறல." அவள் உதட்டோரம் லேசாகச் சுழித்தது. "அப்புறம் ஒண்ணு சொல்லட்டுமா, வெளிய சொல்லிடாதீங்க. அவரு பேசுற பேச்ச கேட்டுக் கேட்டு, கல்யாணமான நாளிலேருந்து அந்த வார்த்தைய நானும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

இரண்டு பெண்களும் சத்தம் வராமல் சிரித்தார்கள். அடக்கிச் சிரித்ததில் பாப்பாத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பில் பாதியும் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததில் பாதியுமாக அது கன்னத்தில் வழிந்தது. அவள் முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு உங்களுக்கு ஓயாம போன் அடிச்சா அண்ணி," என்றாள். "நீங்க எடுக்கலியாம்."

"அடிச்சுதா? வூட்டுல சார்ஜுல போட்டுட்டு வந்துட்டேன். போனா அவகிட்ட பேசுறேன். எம் மகன் ஷிப்ட் முடிச்சதும் அவனும் பேசட்டும். பாவம், காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிச்சிருக்காது அந்தப் புள்ள."

தேவயானி எழுந்து புடவையை உதறினாள். கொட்டகையைப் பார்த்து, "ஏங்க, பேசினது போதும், இறங்கி வாங்க! அண்ணனயும் கூட்டிக்கிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் ஏணியில் இறங்கினார்கள். முதலில் இறங்கிய சாமிதுரைக்கு இப்போதுதான் உயரம் தெரிந்தது. வீரமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று நம்பினார். பார்த்தால் அவர் மேலே நின்றுகொண்டு இவர் தலையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாமிதுரை தரையில் கால் வைத்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவியைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். அவள் மடியில் கிடந்த வெங்காயத் தோலை உதறினாள்.

"அப்ப நாங்க கெளம்புறோம்," என்றார், சொல்லவேண்டியதைச் சொல்பவராக. தாம்பூலம் மாற்றாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். பெண் வீட்டார் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மறுப்பதாக இருந்தால் சும்மா அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் சொல்லிவிட்டு நின்றார், போகவில்லை.

தேவயானி பட்டறை ஓரத்துத் தொட்டியிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். பாப்பாத்தியின் முன்னால் நின்றாள்.

"வூட்டுக்கு வாங்க அண்ணி. சோறு வெந்திருக்கும், குழம்பு மட்டும் கூட்டணும். நாளைக்கு நாள் நல்ல நாள்தான், தட்டு நாளைக்கு மாத்திக்கலாம். இன்னிக்குக் கை நனைச்சுட்டுப் போங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக மிகைப்படுத்திச் சொல்லச் சாமிதுரையிடம் எதுவுமே இல்லை. வீரமுத்து அவர் முதுகில் தட்டி, "குழம்புக்குக் காய் நானே எடுத்துத் தர்றேன், எது நல்ல காய்னு காட்டுறேன், வாங்க," என்று பட்டறைப் பக்கம் இழுத்தார்.

"நீங்க போங்க," என்றாள் பாப்பாத்தி கணவனிடம், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. பிறகு சொம்பை வாங்கி, தேவயானி ஊற்றக் காத்திருக்காமல், தானே சாய்த்துத் தன் வலது கையை நனைத்தாள்.